கடைக் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை போட்ட லினக்ஸ்

10.11.2007, சனி

விடிந்ததிலிருந்து தூறல். கடைக் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுவிட்டார் மாப்பிள்ளை. மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்க்கிறேன், திரை முழுக்கப் பழுப்பு. கரைத்து வைத்த புளி நிறம்.

நேற்று ஆரம்பித்தது. தலை தீபாவளிக்கு வந்தவர்களை வடுகபட்டியில் என் பூண்டு மண்டிக்குக் கூட்டிப்போனேன். மகள் கவிதா, மாப்பிள்ளை, சம்பந்தி. சம்பந்தி ஆண்டிபட்டியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ச் சந்தையே மூக்கைப் பிடித்துக்கொள்ளும்படி பூண்டு வாடை, அவர் மட்டும் பிரேயருக்கு நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார்.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பெங்களூரில் அதுதான் உத்தியோகம். முகம் சுளித்தார். உள்ளே வைரஸ் மண்டிக் கிடக்கிறதாம்.

"மாமா, இந்த விண்டோஸ் எங்கன வாங்குனீக?"

"தேனியில கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குற சிஸ்டக்காரர் வந்து போட்டாரு."

"பில்லு?"

"அதுக்கு யாரு மாப்ளே பில்லு குடுக்கா?"

"அப்ப திருட்டுச் சரக்கு மாமா இது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சம்பந்தி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிட் அடித்த பையனைப் பார்க்கிற பார்வை.

மூட்டை தூக்கி, தரம் பிரித்து, பிறகு சொந்தமாகக் கமிஷன் மண்டி. தராசில் விரல் வைத்தவன் இல்லை நான். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துக்கொண்டு, திருட்டுச் சரக்கு.

அதற்கு மேல்: "லினக்ஸுன்னு ஒண்ணு இருக்கு. சும்மாவே கெடைக்கும். திருட்டும் இல்ல, வைரஸும் வராது. மாத்திரவா மாமா?"

"ஒங்க இஷ்டம் மாப்ளே" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும், தலை தீபாவளி மாப்பிள்ளையிடம், அதுவும் சம்பந்தி எதிரில். எங்கள் பக்கம் மாமனார் 'ஒங்க இஷ்டம்' என்றால் வேண்டாம் என்று அர்த்தம். ஆண்டிபட்டியிலும் அதுதான். கல்யாணத்தின்போது மோட்டார் சைக்கிள் வாங்கித் தரவா என்று கேட்டேன். "ஒங்க இஷ்டம் மாமா" என்றார். வேண்டாம் என்கிறார் என்று சரியாகப் புரிந்துகொண்டு நான் வாங்காமல் விடவில்லையா?

நாளைக்குச் சந்தை. மாப்பிள்ளை காலையிலேயே ஆண்டிபட்டி போய் அப்படியே பெங்களூர்.

வாங்க வேண்டியது: சாக்கு ஊசி, கார்பன் பேப்பர் (இருக்கட்டும்), வீட்டுக்கு நல்லெண்ணெய்.

11.11.2007, ஞாயிறு

மழை விட்டது. சந்தை கெட்டது.

என் மண்டியின் பலமே சீட்டுதான். மேல்மலைக்காரர்கள் கொடைக்கானலுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். ஏலம் முடிந்ததும் பெயர், மூட்டை, எடை, விலை, கமிஷன், கூலி எல்லாம் போட்டுச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். சீட்டைக் காட்டிப் பணம் வாங்கி, பெரியகுளம் போய்க் கொடைக்கானல் பஸ் பிடித்தால்தான் அங்கிருந்து ஊருக்குக் கடைசி பஸ் கிடைக்கும். எதிர் மண்டியில் இன்னும் கையால் எழுதுகிறார்கள். நம் மண்டியில் பட்டனைத் தட்டினால் 'டர்ர்' என்று சீட்டு வெளியே வந்துவிடும். அதற்காகத்தான் மன்னவனூர் கருப்பையா எதிர் மண்டியை விட்டு இங்கே வந்தார். அவர் வந்தால் அவரோடு ஒரு லாரிச் சரக்கு வரும்.

சீட்டு அடிக்கிற புரோகிராம் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். இன்று காலை ஆபரேட்டர் ஜெயராணி சொல்லித் தெரிகிறது. பி.காம். படித்த கெட்டிக்காரப் பெண், அவள் கண்ணே கலங்கிவிட்டது. பழைய கணக்கு எல்லாம் சி.டி.யில் பத்திரமாம். புரோகிராமுக்குப் பதிலாக மாப்பிள்ளை கட்டம் கட்டமாக ஒரு ஷீட் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கணக்குச் சரியாக வருகிறது. அதைக் குறை சொல்லவில்லை.

பிரிண்டர்தான். பழைய மிஷின், எழுத்தை எழுத்தாகக் கொடுத்தால் விறுவிறு என்று அடிக்கும். இந்த லினக்ஸ் எழுத்தைப் படமாக்கிக் கொடுக்கிறது. பிரிண்டர் ஒரு கோடு இழுக்கிறது, நிற்கிறது, யோசிக்கிறது, இன்னொரு கோடு. நாலு வரிச் சீட்டுக்கு ஒரு முழுத்தாள் வெளியே தள்ளுகிறது.

கருப்பையா எட்டிப் பார்த்தார். "என்ன மொதலாளி, மிசினு மார்கழிக் கோலம் போடுது? புள்ளி வச்சாச்சா, இன்னும் இருக்கா?"

கூட்டம் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் நின்றது. நானும் ஜெயராணியும் கணக்குப்பிள்ளையும் ஆளுக்கொரு கார்பன் புத்தகம் எடுத்துக்கொண்டோம். எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை. கூட்டலில் தப்பு, திருத்தம், மறுபடி சீட்டு. வெயில் சாய்ந்த பிறகும் மேல்மலை ஆட்கள் மண்டியிலேயே நின்றார்கள்.

ஒரு நல்ல செய்தி. லினக்ஸில் சீட்டு விளையாட்டு இருக்கிறதாம். ஆடுகிற சீட்டு வருகிறது, அடிக்கிற சீட்டு வரவில்லை.

12.11.2007, திங்கள்

கவிதாவுக்கு போன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"அப்பா, அவுக ஆசையா போட்டாக. ஆபீஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டாக, எங்க மாமனார் மண்டியே லினக்ஸுலதான் ஓடுதுன்னு."

"எங்க ஓடுது ஆத்தா? எந்திரிச்சு ஒக்காரவே மாட்டேங்குது."

"பழகணும்ப்பா."

"நான் பழகிருவேன். கொடைக்கானல் பஸ்ஸு டிரைவரையும் பழகச் சொல்லவா?"

"மாத்திட்டீகன்னா அவுக மூஞ்சியில எப்படிப்பா நான் முழிக்கிறது" என்றாள். போனை வைத்துவிட்டேன். வியாபாரத்தில் எனக்கு எதிரில் நின்று பேசி ஜெயித்தவர்கள் குறைவு. அத்தனை பேருக்கும் சமம் இவள் ஒருத்தி.

முட்டி வலி. மழைக்காலம்.

13.11.2007, செவ்வாய்

தேனி சிஸ்டக்காரரை அல்லிநகரத்தில் என் வீட்டுக்கே வரச் சொன்னேன். "அரை மணி நேரம் போதும்ணே, பழையபடி ஆக்கிரலாம்" என்றார். பையில் சி.டி. தயாராக இருந்தது.

வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

"மாப்பிள்ளை தலை தீபாவளிக்குப் போட்டுக் குடுத்தத மாமனாரு ஒரு வாரத்துல அழிச்சாருன்னு ஆண்டிபட்டிக்குச் சேதி போகும். மறுபடியும் அந்தத் திருட்டையே போட்டாருன்னும் போகும். சம்பந்தி வாத்தியாரு, பள்ளிக்கூடம் பூரா சொல்லுவாரு. நல்லா யோசிச்சுக்கங்க."

"நீயும் திருட்டுங்கிற?"

"நான் சொல்லல. மாப்பிள்ளை சொன்னாக."

சிஸ்டக்காரருக்கு வடையும் டீயும் கொடுத்து அனுப்பினோம். போகிறபோது வாசலில் சொல்கிறார்: "எப்பவும் நான் இருக்கேண்ணே." இழவு வீட்டில் சொல்வதுபோல.

14.11.2007, புதன்

ஈரப்பதம். அடி மூட்டையில் பூண்டு முளை விடுகிறது. பிரித்துக் காயப்போடச் சொன்னேன்.

மாப்பிள்ளைக்கு போன் செய்து பிரிண்டர் விஷயத்தை மட்டும் சொன்னேன். குரலில் சர்க்கரை.

"மாமா, லினக்ஸ் உலகம் பூரா ஆளுக சேந்து செஞ்சது. யாருக்கும் சொந்தமில்ல. இன்டர்நெட்டுல ஃபோரம்னு ஒண்ணு இருக்கு, அதுல எழுதிக் கேட்டா யாராச்சும் வழி சொல்லுவாக."

எனக்கு இதுதான் பிடிபடவில்லை. சந்தையில் ஒருவன் கை நிறையச் சும்மா அள்ளிக் கொடுக்கிறான் என்றால் மூட்டைக்குள் அழுகல் இருக்கிறது, அல்லது நாளைக்கு விலையில் எடுப்பான். இரண்டும் இல்லை என்கிறார் மாப்பிள்ளை. சரி. அப்படியானால் சரக்கு கெட்டால் யார் சட்டையைப் பிடிப்பது? எனக்கு விற்றவன் என்று ஒருவன் வேண்டும். ஏமாற்றினாலும் பரவாயில்லை, வீடு எங்கே என்று தெரிந்தால் போதும். யாருக்கும் சொந்தமில்லாத பொருளை வைத்து நான் எப்படி வியாபாரம் செய்வேன்?

ஜெயராணி எழுதிக் கேட்டாள். சாயங்காலமே பதில் வந்துவிட்டது. பிரேசில்காரராம். அவள் வாசித்துச் சொன்னாள்: "உங்கள் பிரிண்டர் மிகப் பழையது. புதிது வாங்குங்கள்."

வடுகபட்டியில் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். பிரேசில் வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை.

எழுதிவைக்க வேண்டியது: மிஷின் இப்போது நடுவில் தூங்கி விழுவதில்லை. வைரஸ் என்று கட்டம் கட்டமாக வந்து நிற்பதும் இல்லை. கோட்டயம் வியாபாரி மெயிலில் அனுப்புகிற மலையாளக் கடிதம், முன்பெல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது, இப்போது முழுசாகத் தெரிகிறது. எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஆக அதனாலும் லாபமில்லை.

15.11.2007, வியாழன்

சந்தை. வெயில். கருப்பையா சரக்கு எதிர் மண்டியில் இறங்கியது.

என் கண் முன்னால். லாரி என் வாசலைத் தாண்டும்போது வேகம்கூடக் குறையவில்லை. அவரோடு வருகிறவர்களும் அங்கேயே.

டீக்கடையில் பிடித்தேன்.

"கோவிச்சுக்கிறாதீக மொதலாளி" என்றார் கருப்பையா. "போன ஞாயித்துக்கெழம கொடைக்கானல் பஸ்ஸ்டாண்டுல படுத்தோம். சாக்கப் போத்திக்கிட்டு. எங்காளு ஒருத்தனுக்குக் குளிருகாச்சல். அவன் பொண்டாட்டி என்னையத்தான் வையுது."

"நான் கையால எழுதித் தர்றேன்யா. நானே எழுதுறேன்."

"எழுதத்தான் எதிர் மண்டியில ஆளு பழகியிருக்காகளே. ஒங்க எழுத்தப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு பஸ்ஸு போயிருது."

டீக்கடைக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மேல்மலைப் பூண்டு இல்லையென்றால் என் மண்டியில் மிச்சம் இருப்பது நாட்டுச் சரக்கும் நானும்தான். கேரளாக்காரர்கள் மலைப்பூண்டுக்காக வருகிறவர்கள். கருப்பையா போனால் கோட்டயம் போகும், கோட்டயம் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

நின்ற இடத்திலேயே பேசினேன். வரும் ஞாயிறு ஒரே ஒரு சந்தை என் மண்டியில் இறக்கச் சொன்னேன். சீட்டு பிந்தினால் ஜீப் வைத்துக் கொடைக்கானலில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு, என் செலவு. கருப்பையா டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "ஜீப்புல முன்னாடி சீட்டு எனக்கு" என்றார்.

சாயங்காலம் மாப்பிள்ளைக்கு போன். குறை ஒன்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம சந்தைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மாப்ளே. நீங்களே ஒக்காந்து ஓட்டிக் காட்டுனீகன்னா ஜெயராணி பாத்துப் பழகிக்குவா."

சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். பாவம்.

17.11.2007, சனி

மாப்பிள்ளை காலையில் வந்து இறங்கினார். கவிதா வரவில்லை, லீவு இல்லையாம். வீட்டில் அதிரசம், நாட்டுக்கோழி, ஒரு ஆள் வயிற்றுக்கு நாலு ஆள் சாப்பாடு. பகல் முழுக்க மண்டியில் பிரிண்டரோடு மல்லுக்கட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிறது. கொஞ்சம் வேகம் வந்திருக்கிறது. முழுத்தாள் தள்ளுவது மட்டும் நிற்கவில்லை.

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு பனியனோடு வேலை செய்கிறார். சோம்பேறி இல்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜீப் சொல்லியாயிற்று.

18.11.2007, ஞாயிறு

மப்பும் மந்தாரமும். கருப்பையா சொன்ன வாக்குக்கு வந்துவிட்டார். எட்டுப் பேர் சரக்கு.

மாப்பிள்ளை ஜெயராணி நாற்காலியில். கண்ணாடி, கழுத்தில் துண்டு. யார் என்று ஒருவருக்கும் தெரியாது, புதுசாக வந்த ஆபரேட்டர் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் சொல்லவில்லை. பார்க்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன். யாரை நம்பிச் சந்தை நடக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும்.

முதல் ஐந்தாறு சீட்டு ஓடியது. பிறகு தாள் சிக்கியது. எடுத்துப் போட்டார். மறுபடி சிக்கியது. முழுத்தாள் தள்ளித் தள்ளிக் கட்டுத் தாளும் தீர்ந்துபோயிற்று. மேஜையைச் சுற்றிப் பத்துத் தலை. பணமேஜையில் கணக்குப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு.

கருப்பையா குனிந்து பார்த்தார். "ஏலே கண்ணாடி, இது பூண்டுக்குச் சீட்டா, கல்யாணப் பத்திரிகையா? அடியில இடம் காலியாக் கெடக்கு, ஒன் சொந்தக்காரக பேரப் போட்டுக்கோலே."

சபையே சிரித்தது. மாப்பிள்ளை முகம் சிவந்துவிட்டது.

இதைப் பார்க்கத்தான் நான் அவரை வரவழைத்தது. ஆனால் 'ஏலே' என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். என் மண்டியில், என் வீட்டு மாப்பிள்ளையை.

"யாரப் பாத்துய்யா ஏலேங்கிற? எங்க மாப்பிள்ளை. பெங்களூருல இஞ்சினியரு. அவுக போட்டுக் குடுத்தது லினக்ஸு. வைரஸு வராது, திருட்டும் கெடையாது. உலகம் பூரா ஆளுக சேந்து செஞ்சது. இருக்க முடிஞ்சா இரு, இல்லாட்டி எதிர் மண்டிக்குப் போ."

பேசியது நான்தான். ஒரு வாரமாக நான் வைத வசவெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

கருப்பையா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "தெரியாமச் சொல்லிட்டேன் மொதலாளி. மாப்பிள்ளைன்னு தெரிஞ்சிருந்தா எளநி வெட்டிக் குடுத்திருப்பேன். ஆனா பஸ்ஸு மாப்பிள்ளைன்னு நிக்காதே."

மாப்பிள்ளை மிஷினை நிறுத்தினார். கார்பன் புத்தகத்தை இழுத்துக்கொண்டார். "எட சொல்லுங்க ஜெயராணி" என்றார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். அழகான எழுத்து, வாத்தியார் மகன். கடைசிச் சீட்டு கொடுக்கும்போது பெரியகுளத்தில் பஸ் கிளம்பியிருக்கும்.

ஜீப் வந்தது. முன் சீட்டில் கருப்பையா. மாப்பிள்ளை பின்னால் ஏறிக்கொண்டார், நான் கேட்கவில்லை. "நான் போயி ஏத்திவிட்டுட்டு வர்றேன் மாமா."

திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் பனி ஈரம், பூண்டு வாடை. "காட் ரோட்டுல மலை ஏறுறப்ப ஆரம்பிச்சவரு, எறங்குற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாரு. லினக்ஸு மாப்பிள்ளைன்னுதான் கூப்புடுறாரு. எல்லாரையும் ஊரு பஸ்ஸுல ஏத்திட்டேன்" என்றார். சாப்பாட்டில் கைவைத்துவிட்டு, "வியாழக்கெழம எங்கன எறக்குவாகன்னு சொல்லல மாமா" என்றார்.

நானும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன்.

19.11.2007, திங்கள்

நல்ல வெயில். காலைப் பலகாரம் ஆனதும் மாப்பிள்ளையே ஆரம்பித்தார்.

"மாமா, வேணாம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் மாப்ளே."

யோசித்தார். சிரிக்கவில்லை. "சரி மாமா. ஆனா அந்தத் திருட்டு சி.டி.ய நான் திரும்பப் போட மாட்டேன். வேற ஆள வச்சுப் போட்டாலும் எனக்கு மனசு ஒப்பாது."

"திருட்டுங்கிற வார்த்தைய நீங்க எங்க வச்சுச் சொன்னீக?"

"அது... மண்டியில."

"யாரு முன்னாடி?"

தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. வீட்டுக்காரி காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இனிமேல்தான் வியாபாரம். எனக்குத் தெரிந்த வேலை. விண்டோஸ் விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். சொன்னார். ஒரு பிளாஸ்டிக் தகட்டுக்கா என்று கேட்டேன். அதுதான் விலை, குறைக்க மாட்டார்கள் என்றார். குறைக்க மாட்டேன் என்று சொல்லாதவன் சந்தையில் உண்டா? மதுரைக் கடைக்கு என்னை எதிரில் வைத்தே போன் போட்டார். பேசினேன். கொஞ்சம் இறங்கியது. மாப்பிள்ளை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிப் பணம் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று நேராகவே சொன்னேன். லினக்ஸை முழுக்க எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அதை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

பத்து மணிக்குக் கருப்பையாவைப் பிடித்தேன், மன்னவனூர் கடை போனில். வியாழக்கிழமை பழைய புரோகிராம், பழைய சீட்டு என்றேன். அவர் கேட்ட சலுகையையும் சேர்த்து, முடிவானது:

மாப்பிள்ளையோடு: விண்டோஸ் ஒரிஜினல், ஐயாயிரத்து எண்ணூறு, முழுதும் என் பணம், பில் மண்டி பெயரில். புதன்கிழமைக்குள் அவரே போட்டு, புரோகிராமை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் பெங்களூர். லினக்ஸ் அதே மிஷினில் ஓரமாக இருந்துகொள்ளலாம், சந்தை நாளில் தலை காட்டக் கூடாது. போகிற வழியில் ஆண்டிபட்டியில் இறங்கி, பில்லைச் சம்பந்தி கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.

கருப்பையாவோடு: எட்டுப் பேர் சரக்கும் என் மண்டியில். பொங்கல் வரைக்கும் கமிஷனில் நூற்றுக்கு ஒரு ரூபாய் குறைவு.